புரொஜெக்டருக்கு இருட்டு வேண்டும்

துல்கர்னைன் அண்ணாச்சிக்குக் கண் தெரியவில்லை என்று தெரிந்தேதான் அந்தப் புரொஜெக்டரை அவருக்கு விற்றேன். தென்காசியில் குற்றாலம் ரோட்டில் டிவிக் கடை வைத்திருக்கும் பலவேசம் யோக்கியன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தப் பலவேசம் நான்தான்.

அண்ணாச்சி முப்பது வருஷம் சவுதியில் தம்மாமில் இருந்தவர். பணக்கார அரபிகள் வீட்டில் தியேட்டர் அறை அமைத்துத் தரும் கம்பெனியில் வேலை. சுவர் அளவுக்குத் திரை, கூரையில் புரொஜெக்டர், மூலைக்கு ஒரு ஸ்பீக்கர். மாட்டி முடித்ததும் இரண்டு நிமிஷம் ஓட்டிப் பார்ப்பாராம். அதற்குள் வீட்டுக்காரன் வந்து சாய்ந்து உட்கார்ந்துவிடுவான், இவர் ஏணியை மடக்கிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான். அங்கே ஒரு முழுப்படம் அவர் பார்த்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வரும்போதெல்லாம் மனைவி ரஹ்மத்துன்னிசாவிடம் ஒரே பேச்சு: "ஊரோட வந்ததும் நம்ம வீட்டுல ஒரு தியேட்டர் போடுதேன். நீயும் நானும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து பாப்போம்."

போன வருஷம் ஊரோடு வந்தார். சுகரையும் கூடவே கொண்டு வந்தார்.

இந்த ஆனி மாதம் கடைக்கு வந்தபோது ஆட்டோ டிரைவர் கையைப் பிடித்து உள்ளே விட்டுப் போனான். படி வழுக்குகிறது என்று அண்ணாச்சி காரணம் சொன்னார். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்ததால் நானும் நம்பினேன். அறுபத்தஞ்சு இஞ்ச் டிவி ஒன்றை ஓடவிட்டேன்.

"அண்ணாச்சி, உங்க மேக்கு ரூம்ல ரெண்டு பெரிய ஜன்னல் இருக்கு. அந்த வெளிச்சத்துல புரொஜெக்டர் போட்டா படம் வெளுத்துப் போயிரும். பேசாம டிவியே எடுத்துக்கோங்க."

"எனக்கே பாடம் எடுக்கியாலே? ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடிச்சிருவேன். புரொஜெக்டருக்கு இருட்டு வேணும்னு எனக்குத் தெரியாதா?"

சரி என்று புரொஜெக்டரை ஆன் செய்தேன். அவசரத்தில் வயரைச் செருக மறந்துவிட்டேன். சுவரில் வெறும் நீலம்தான் விழுந்தது. காதில் விழுந்த பாட்டு பக்கத்து டிவியில் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன கலர்லே!" என்றார் அண்ணாச்சி. "அந்தப் பிள்ளை கட்டியிருக்க சேலைல ஜரிகைகூடத் தெரியுதே!"

அவர் முகம் சுவருக்கு நேராகக்கூட இல்லை. கல்லாப்பெட்டிப் பக்கம் பார்த்துச் சொன்னார். அப்போதே நான் வாயைத் திறந்திருக்கலாம். டிவியைவிடப் புரொஜெக்டரில் எனக்கு நிற்கும் லாபம் அதிகம். வாயை மூடிக்கொண்டு பில் போட்டேன்.

கண் தெரியாத மனுஷனுக்கு எதற்கு இது என்ற கேள்விக்கு, மாட்டப் போன அன்று பதில் கிடைத்தது. அந்த மேற்கு அறை ரஹ்மத்துன்னிசா மதினியுடைய அறை. மதியம் வேலை ஒழிந்ததும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மலையைப் பார்ப்பார். சாரல் காற்று நேரே உள்ளே வரும். அந்த இரண்டு ஜன்னலையும் அண்ணாச்சி சொன்னபடி நானே கறுப்புத் துணி வைத்து அடைத்தேன். கதவைச் சாத்தி விளக்கையும் அணைத்ததும் மதினி நாற்காலியில் முட்டிக்கொண்டார். நான் ஏணியில் இடித்துக்கொண்டேன். அண்ணாச்சி மட்டும் நேரே நடந்து போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"என்ன ரெண்டு பேரும் தடவிக்கிட்டு நிக்கிய?" என்று சிரித்தார்.

அவர் புரொஜெக்டரா வாங்கினார்? இருட்டை வாங்கினார். அந்த இருட்டுக்குள் எல்லோருக்கும் கண் தெரியாது, அவரை யாரும் கண்டுபிடிக்க முடியாது. டிவி வாங்கியிருந்தால் நல்ல வெளிச்சத்தில் மாட்டியிருப்பார்.

படம் ஓடும்போது பேசக் கூடாது என்று ஒரு சட்டமும் போட்டார். பேசினால் மதினி படத்தைப் பற்றி ஏதாவது கேட்டுவிடுவாரே. மெஷின் விடுகிற சூட்டுக் காற்று தலைக்கு மேலே இறங்க, அடைத்த அறைக்குள் அந்த அம்மாள் தினமும் வாய் பேசாமல் வெந்துகொண்டிருந்தார்.

இரண்டு மாதம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை அண்ணாச்சி ஜும்மாவுக்குப் போயிருந்த நேரத்தில் மதினி போன் செய்து என்னை வரச் சொன்னார்.

"இந்த மெஷினைக் கழட்டிக் கொண்டு போ. அதுக்குப் பதிலா ஹாலுக்கு ஒரு டிவி மாட்டு. ஸ்பீக்கர் மட்டும் உள்ளயே இருக்கட்டும், சத்தம் வரணும்."

"அண்ணாச்சி கேட்டா?"

"அவுகளுக்குத்தான் கண்ணு தெரியாதே. கண் ஆஸ்பத்திரிச் சீட்டைச் சட்டைப்பையில வச்சே துவைக்கப் போட்டுட்டாக. கட்டின பொண்டாட்டி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேனா? என்னையும் இருட்டுக்குள்ள அடைச்சு வச்சிருக்காக."

"பாவம் இல்லியா மதினி?"

"முப்பது வருஷம் நான் போன்ல அவுக குரலைத்தானப்பா கேட்டேன்? முகத்தைப் பாக்க ரெண்டு ரெண்டு வருஷமாக் காத்துக் கெடந்தேன். இப்ப அவுக கொஞ்சம் குரலை மட்டும் கேக்கட்டும்."

ஏணியைப் போட்டுப் புரொஜெக்டரைக் கழற்றினேன். அன்றிலிருந்து மதினி அவரைக் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்து, சத்தத்தைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஹாலுக்கு வந்துவிடுவார். பேசக் கூடாது என்பதுதான் சட்டமாயிற்றே. பக்கத்தில் ஆள் இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பத்து நாள் கழித்து டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்று போனேன். அதைச் சரிசெய்துவிட்டு, அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று மேற்கு அறைக் கதவைத் திறந்தேன். உள்ளே ஏதோ சண்டைக் காட்சியின் சத்தம் காதைப் பிளந்தது. வெறும் சுவருக்கு எதிரே அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"யாரு, பலவேசமா? தலைக்கு மேல சூட்டுக் காத்து வரலியேப்பா?"

"மதினி சொன்னாகன்னு சர்வீஸ் பண்ணிட்டேன் அண்ணாச்சி. இனி சூடு வராது."

முப்பது வருஷம் அதையே மாட்டியவரிடம் சொல்கிற பொய்யா அது?  அவர் ஸ்பீக்கர் ரிமோட்டைத் தடவி எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

"பக்கத்துல அவ இருக்காளா?"

ஹாலில் மதினி ரிமோட்டை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்காக அண்ணாச்சி."

அவர் பக்கத்து நாற்காலி இருந்த பக்கம் திரும்பினார்.

"ஏட்டி ரஹ்மத்து, எனக்குக் கண்ணு போயிருச்சுட்டி. உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. எனக்கு இந்த இருட்டு வேண்டாம். நாளைக்கே ஜன்னலைத் திறந்துருவோம், நீ மலையைப் பாத்துக்கிட்டு உக்காரு. நான் சும்மா உன் பக்கத்துல இருக்கேன்." பதிலுக்குக் காத்திருந்தார். "பேசக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். இப்ப நானே சொல்லுதேன், பேசுட்டி."

ஒரு குரல் கொடுத்திருந்தால் மதினி வந்திருப்பார். கூப்பிட்டால், இருக்கிறார் என்று நான் சொன்ன பொய் அம்பலமாகிவிடும். சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.