மாங்குயிலுக்கு வைத்த பப்பாளி

ஆன்சைட் என்று அமெரிக்கா போய் வருகிறவர்கள் ஏதாவது ஒரு பைத்தியத்தோடுதான் திரும்புவார்கள். நான் ஒரு முழ நீள லென்ஸோடு திரும்பினேன். வேலைக்காக வெளிமாநிலம் வந்து சைனிக்புரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னால் ஒரு கொய்யா மரம் நின்றது. அதில் ஒரு தட்டைக் கட்டித் தொங்கவிட்டு, பப்பாளித் துண்டும் கம்புத் தானியமும் வைத்துவிட்டு, கொடியில் காயும் போர்வைக்குப் பின்னால் பதுங்கிக்கொள்வேன். மாங்குயில் ஒன்றைப் படம் பிடித்து ஆபீஸில் எல்லாருக்கும் மெயிலில் அனுப்பிவிட வேண்டும் என்பது திட்டம். மாங்குயிலுக்கு அந்தத் திட்டம் தெரியவில்லை.

வந்தவை காக்கைகள். பப்பாளியைத் தின்றன, கம்பைக் கீழே தள்ளின, போகும்போது தட்டில் எச்சமிட்டன. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மகளின் தண்ணீர்த் துப்பாக்கியை எடுத்து அடித்தேன். ஜாவா படித்த காலத்து சிடிக்களையெல்லாம் நூலில் கோத்து மரம் முழுக்கத் தொங்கவிட்டேன். அவை வெயிலில் மின்னியதில் காக்கைகளோடு சேர்ந்து சிட்டுகளும் ஓடிவிட்டன. அதன் பிறகு பால் பாக்கெட் எடுக்க நான் வாசலில் குனிந்தாலே காக்கைகள் கூடிக் கத்தும்.

"ஆபீஸ்ல ஒரு மனுசங்கிட்ட சண்டை போடத் துப்பில்ல, காக்காகூட வம்பா?" என்றாள் மனைவி.

அப்பாவின் முதல் திதி அந்தச் சமயத்தில்தான் வந்தது. அம்மா அதற்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தாள். வாழையிலையில் சோறு, பருப்பு, வடை, தொன்னையில் பாயசம் என்று எல்லாவற்றையும் பின்பக்க மதில்மேல் வைத்தோம். காக்கை வாய் வைத்தால்தான் அம்மா சாப்பிடுவாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட அவள் பல்லில் படவில்லை. மாத்திரையில் ஓடுகிற உடம்பு வேறு.

நான் மதிலருகே நின்று "கா, கா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எதிர்வீட்டு மாடியிலும் கரண்ட் கம்பியிலும் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றும் இறங்கவில்லை. சிடிக்களை அறுத்தெறிந்தேன். அதையும் வேடிக்கை பார்த்தன. "வோ நஹி ஆயேங்கே, டாடி" என்று, அவை வராது என இந்தியில் தீர்ப்புச் சொல்லிவிட்டு மகள் டிவி பார்க்கப் போனாள். சோறு காய ஆரம்பித்தது. அம்மாவின் மாத்திரை நேரம் தாண்டிவிட்டதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

"நீ சாப்பிடும்மா. ஒண்ணும் ஆயிராது" என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏல, நீ மொதல்ல உள்ள போ."

"எதுக்கும்மா?"

"நீ எதிர்ல நின்னா ஒங்கப்பா என்னைக்குல நிம்மதியா ரெண்டு வாய் சாப்ட்டுருக்காவ?"

சுருக்கென்றது. சர்க்கரை வந்த பிறகு அப்பாவின் தட்டில் சோற்றைக் குறைத்தது நான்தான். விசேஷ நாளில்கூட அவர் கையிலிருந்து பாயசத் தம்ளரைப் பிடுங்கி வைத்தவனும் நான்தான். நல்ல பிள்ளைக்கு அடையாளம் அதுதான் என்று ஊரெல்லாம் பெருமை பேசியவன், மறுபேச்சில்லாமல் போய் அடுக்களை ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு காக்கை மதிலில் இறங்கியது. சோற்றை அது தொடவில்லை. நேராகப் போய்ப் பாயசத்தில் மூக்கை விட்டது.

அம்மா மதில் பக்கம் தலையைச் சாய்த்துத் தணிந்த குரலில் சொன்னாள்: "மெதுவா சாப்பிடுங்க. அவன் உள்ள போயிட்டான்."