பால் காய்ச்சக் கூப்பிட்டால் வந்துவிடுகிறார்கள்

கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். நான் பட்டணத்தில் நன்றாகத்தான் இருந்தேன். கல்யாணம் செய்துகொண்டு கோயமுத்தூர் சேர்ந்தேன். அதுவும் இரண்டாவது முறையாக.

முதல் முறை வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். பயிற்சி என்று சொல்லி அலுவலகம் என்னை மெட்ராஸிலிருந்து ஒரு வருஷத்துக்கு இங்கே அனுப்பியது. வந்த அன்றே இது தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொன்னார்கள். மான்செஸ்டர்க்காரர்கள் தங்கள் ஊரை இங்கிலாந்தின் கோயமுத்தூர் என்று சொல்லிக்கொள்வார்களா என்று கேட்டேன். பக்கத்து மேசைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொன்னாலும் சொல்லுவாங்க" என்றார். அடுத்து சிறுவாணித் தண்ணீர். மற்ற ஊர்களில் விருந்தாளிக்குக் கோயிலைக் காட்டுவார்கள், கடலைக் காட்டுவார்கள். இங்கே குழாயைத் திறந்து காட்டினார்கள்.

பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடும் அந்த மரியாதைதான் எனக்கு ஒத்தே வரவில்லை. சில்லறை இல்லையென்றால் மெட்ராஸ் கண்டக்டர் திட்டுவார். நாமும் திருப்பித் திட்டலாம், மனசு லேசாகும். இங்கே "சில்லறை இல்லீங்களா? அப்ப எறங்கிக்குங்க அம்மணி" என்று அன்பாகச் சொல்லி விசில் ஊதினார். ஹாஸ்டல் வார்டன், "தப்பா நெனச்சுக்காதீங்க கண்ணு, ஏழு மணிக்கு கேட்டைச் சாத்திப்போடுவோமுங்க" என்றார். சாத்தியும் போட்டார். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்று தீர்ப்பெழுதினேன். வருஷம் முடிந்து ரயிலேறியவள் திருப்பூர் தாண்டிய பிறகுதான் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

சில வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு வேறு ஊரே கிடைக்காததுபோல் அவருடைய கம்பெனி அவரைக் கோயமுத்தூருக்கு மாற்றியது. எனக்கு மெட்ராஸில் வேலை இருந்தது. ஆகவே ஒரு மாத லீவில் வந்து குடித்தனம் வைத்துக் கொடுத்துவிட்டு நான் திரும்பிவிடுவது, அவர் மாசத்துக்கு ஒருமுறை ரயிலேறி வந்து புருஷனாக இருந்துவிட்டுப் போவது என்று ஏற்பாடு. இங்கேயே மாற்றல் கேட்டிருக்கலாம், கொடுத்திருப்பார்கள். கேட்க மனசு வரவில்லை. அவரை விட்டுப் போக அழுகையாக வந்தது, அது நிஜம். ஆனால் அவரோடு இருக்க வேண்டுமென்றால் இந்த ஊரோடும் இருக்க வேண்டுமே.

போத்தனூரில் வாடகைக்கு வீடு பிடித்தோம். என் துணிப்பெட்டியை நான் திறக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சுவது, பிறகு ஹோட்டலில் சாப்பிடுவது என்று திட்டம். என் வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், பால்காரரிடம், பெட்டிக்கடையில், "ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சறோம், குடும்பத்தோட வந்துடுங்க" என்று சொல்லி வைத்திருக்கிறார். மெட்ராஸில் இப்படிச் சொன்னால் "கட்டாயம் வரோம்" என்பார்கள், வரமாட்டார்கள். இரண்டு தரப்புக்கும் திருப்தி.

இங்கே வந்துவிட்டார்கள். பால் பொங்கி வழிகிற நேரத்துக்குத் தெருவே பட்டுப்புடவையில் வாசலில் நின்றது. பெரியவர்கள், கைக்குழந்தைகள், பரிசு கொடுக்கப் பொட்டலம் கட்டிய எவர்சில்வர் டம்ளர்கள். கூப்பிட்ட வீட்டுக்குப் போகாமல் இருப்பது இவர்கள் ஊரில் அவமரியாதையாம். வீட்டில் இருந்ததோ ஒரு லிட்டர் பால். ஆளுக்கு ஒரு வாய் தீர்த்தம்போல் கொடுத்தேன். அதையும் "பால் நல்ல பாலுங்க" என்று பாராட்டிவிட்டு, பாயில் உட்கார்ந்து, அடுத்தது சாப்பாடு என்ற நம்பிக்கையோடு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரரும் அவர்களோடு உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்தார். எனக்கு அவரை அந்த விசிறியிலேயே கட்டிவிட வேண்டும்போல் இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா, தாராபுரத்துப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், டம்ளர் வைக்கிற சாக்கில் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். காலி அடுப்பையும் என் முகத்தையும் பார்த்தார். கூடத்துக்குக் கேட்கும்படி, "அம்மணி, அரிசி ஊறீருச்சுங்களா? நானும் ஒரு கை புடிக்கறனுங்க" என்றார்.

பின்பக்கச் சுவர் மேலாக அவர் வீட்டுப் பெரிய பாத்திரம், இவர்கள் பாஷையில் போசி, வந்தது. அதற்குள்ளேயே அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு கிண்ணம் நெய். அரிசியும் பருப்பும் சாதம் இவர்களுக்குத் திடீர் விருந்தாளிக்கான வைத்தியம். எல்லாம் ஒரே பாத்திரத்தில் வெந்துவிடும்.

"அக்கா, உங்க வீட்டு அடுப்புலயே பண்ணிக் கொண்டு வந்துடலாமே" என்றேன். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது.

"அதெப்படிங்க? கூப்பிட்டது நீங்க. உங்க அடுப்புல வெந்தாத்தான் அது உங்க ஊட்டுச் சோறு."

தாளித்து, இறக்கி, நெய் ஊற்றிவிட்டுக் கரண்டியை என் கையில் திணித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, இப்போதுதான் வந்தவர்போல் பந்தியில் போய் உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். இரண்டாவது தடவை அவர் இலைக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்து, "ஏனுங்க அம்மணி, இத்தன ருசியா இருக்குதே, என்னங்க போட்டுச் செஞ்சீங்க?" என்று கேட்டார்.

நான் அவர் இலையில் இன்னொரு கரண்டி வைத்தேன். "அது அவளோட கைப்பக்குவம்" என்றார் என் வீட்டுக்காரர், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

பந்தியில் இருந்த எல்லோருக்கும் விஷயம் தெரியும். போசி சுவர் ஏறி வந்ததைப் பாதிப் பேர் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தார்கள். அதில் ஒருவர்கூட முகம் கோணவில்லை. "மெட்ராஸ்காரங்க இத்தன நல்லாச் செய்வாங்கன்னு தெரியாதுங்க" என்று ஒரு பெரியவர் என்னைப் பார்த்தே சொன்னார். எனக்குத் தெரிந்த மெட்ராஸில் இந்நேரம் மூன்று தெருவுக்குச் சேதி போய்ச் சிரித்து முடித்திருப்பார்கள். இங்கே ஒரு தெருவே கூடி, முன்பின் தெரியாத ஒருத்தியின் மானத்தைக் காக்க, வாய் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. நெய் வாசம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதையும் நம்புவதுபோல் நம்பினார்கள். இந்த ஊர் எனக்குப் பிடித்துவிட்டது. அவமானமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

எல்லோரும் போனபிறகு அக்கா மட்டும் இருந்து போசியைத் தேய்த்தார். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மணி, அடுத்த மாசம் மெட்ராசுக்கே போறீங்களாமா? உங்க ஊட்டுக்காரரு சொன்னாருங்க" என்றார் அக்கா.

"அவருக்கு என்னக்கா தெரியும்?" என்றேன். "நான் எங்கயும் போகலை."

அவர் ஊற்றிய தண்ணீர் போசியைவிட்டுத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது.