விழப் பழகிய அக்னெஸ் அக்கா

ஒரு படிக்கு ஒரு பிடி உப்பு. பிறகு கால். அடுத்த படிக்கு இன்னொரு பிடி. மொன்ட்ரியால்-நோரில் தன் வீட்டுக்கு வெளியே வளைந்து இறங்கும் இரும்புப் படிக்கட்டில் அக்னெஸ் அக்கா கார்த்திகை தொடங்கிச் சித்திரை வரைக்கும் இப்படித்தான் இறங்குவார். கோட்டின் இடப்பக்கப் பைக்குள் ஒரு பிளாஸ்ரிக் பை நிறைய உப்பு இருக்கும். இடது கையால் அள்ளுவார், எறிவார், அதே கையால் கம்பியைப் பிடிப்பார். வலது கை வலப்பக்கப் பையை விட்டு வெளியே வராது. பதினேழு படி இறங்கி முடிய, பக்கத்து வீட்டுக்காரர் காரைக் கிளப்பிக்கொண்டு வேலைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்.

கணவர் சவிரிமுத்து அண்ணை கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பார்.

“படியைக் கருவாடு போடப்போறியே?”

“நீங்கள் சும்மா நில்லுங்கோ. விழுந்தது நானோ, நீங்களோ?”

இரண்டு பேருக்கும் ஊர் மன்னார், பேசாலை. கருவாடும் உப்பும் தெரியாதவர்கள் அல்லர். அக்கா விழுந்தது இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு மார்கழியில். மூன்றாவது படியில் சறுக்கி, வலது கையை ஊன்றி, மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. உள்ளே ஒரு தகடும் ஆறு திருகாணியும் வைத்து மூடினார்கள். உடுப்புத் திருத்தும் கடையில் தைக்கிறவருக்கு வலது கை போனால் என்ன மிஞ்சும்? நாலு மாதம் வீட்டில் இருந்தார். பிறகு ஊசி பிடித்தார், மெசின் ஓட்டினார், காற்சட்டை நீளம் குறைப்பதில் பழைய வேகம் திரும்பியது. பயம் மட்டும் போகவில்லை. குளிர் வந்தால் வேலைக்கும் பூசைக்கும் மட்டும், அதுவும் உப்போடு. தை மாதத்தில் நடந்த ஒரு கலியாணத்துக்கும் போகவில்லை, பேசாலைக்காரர் ஒருவரின் செத்த வீட்டுக்கும் போகவில்லை. அந்தக் குறை இன்னும் அவருக்கு நெஞ்சுக்குள் கிடக்கிறது.

மிரேய் தபால் கொண்டுவருகிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்தவள். இரண்டாயிரத்து நாலு தை மாதத்தில் ஒருநாள் அதே படிக்கட்டில், அதே மூன்றாவது படியில் அவளுக்கும் கால் வழுக்கியது. அக்கா கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்த வாய் திறப்பதற்குள் மிரேய் தோளால் ஒரு உருளல் உருண்டு கீழே எழுந்து நின்றாள். கடிதக் கட்டு கக்கத்துக்குள் அப்படியே இருந்தது. “பொன்ஜூர், மதாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகப் பார்த்தாள். அக்கா விடவில்லை. கதவைத் திறந்துகொண்டு, வீட்டுச் செருப்போடு, உப்பும் இல்லாமல் வாசலுக்கு வந்து, எப்படி என்று கேட்டார்.

மிரேய் ஒன்பது வருடம் ஜப்பானில் இருந்து நிஞ்சுட்சு என்கிற சண்டைக்கலை படித்தவள். வியாழக்கிழமை பின்னேரங்களில், இரண்டு தெரு தள்ளி, ஒரு டயர்க் கடையின் நிலக்கீழ் அறையில் பத்துப் பேருக்குப் பழக்குகிறாள்.

“நிஞ்சா எண்டால் கறுப்புத் துணியால மூஞ்சையைச் சுத்திக்கொண்டு கூரையில ஓடுறவை எண்டுதான் நான் நினைச்சிருந்தன்,” என்பார் அக்கா. “இவ எங்கட ஹைட்ரோ கரண்ட் பில் கொண்டுவாறா.”

அந்த வியாழனே அக்கா போனார். இரண்டு தெருவுக்கும் உப்பு எறிந்தபடிதான் போனார். முதல் மூன்று மாதம் அங்கே விழுவதைத் தவிர வேறொன்றும் பழகவில்லை. குந்தியிருந்து விழுவது, நின்று விழுவது, பின்பக்கம் விழுவது. நாடியை நெஞ்சோடு சேர், மூச்சை விடு, கையை ஊன்றாதே, தோளைக் கொடு. கையை ஊன்றித்தான் முறிந்தது என்று தெரிந்தபோது அக்காவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை வயதுக்கு யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருக்கக்கூடாதா?

ஆனால் விழுந்ததெல்லாம் இடப்பக்கம். வலப்பக்கம் உருளச் சொன்னால் உடம்பு பாதியில் நின்றுவிடும். இரண்டு வருடமாகியும் ஒருதரம்கூட முடியவில்லை. மிரேய் வற்புறுத்தியதில்லை. அக்காவுக்கு மட்டும் கணக்குத் தெளிவாக இருந்தது.

“வலப்பக்கமும் விழப் பழகினால்தான் எனக்கு மார்கழியும் தையும் திரும்பி வரும். அதுவரைக்கும் நான் பாதி ஆள்.”

வகுப்பு தொடங்கும்போது வரிசையாக முழந்தாளில் இருந்து, ஜப்பானிய மொழியில் ஒரு வரி சொல்லி, இரண்டு தரம் கைதட்டிக் கும்பிடவேண்டும். அந்த வரி அக்காவின் வாய்க்குள் நுழையவில்லை. அந்த நேரத்துக்குள் அருள் நிறைந்த மரியே செபம் ஒன்றை வேகமாகச் சொல்லி முடித்து, மற்றவர்களோடு சேர்ந்து தட்டிவிடுவார். ஒருநாள் மிரேய் சுவரில் இருந்த ஒரு எழுத்தைக் காட்டினாள். அந்தக் கலையின் பெயரில் முதலில் வருகிற எழுத்து அது. மேலே கத்தி, கீழே இதயம். கத்தி நெஞ்சின் மேல் நிற்கும்போதும் அசையாமல் தாங்குவதுதான் இந்தப் பயிற்சியெல்லாம் என்றாள். வகுப்பே ஆழ்ந்து யோசித்தது. அக்கா யோசிக்கவில்லை.

“உது எங்கட வியாகுல மாதா,” என்றார். நெஞ்சில் வாள் பாய்ந்த மாதா சுரூபத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவருக்கு அதில் புதிதாக என்ன இருக்கிறது?

வீட்டில் சொன்னது வேறு. வியாழக்கிழமை பிரெஞ்சு வகுப்பு என்று சொல்லியிருந்தார். முழுப்பொய் என்றும் சொல்லமுடியாது. தோள், முழங்கால், மூச்சு, விழு, எழும்பு எல்லாம் அவருக்குப் பிரெஞ்சில் தண்ணீர்பட்ட பாடு. சவிரிமுத்து அண்ணை தன்னோடு பாண் பேக்கரியில் வேலைசெய்கிறவர்களிடம் மனைவியின் படிப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டு திரிந்தார்.

குட்டு உடைந்தது கோயிலில். இரண்டாயிரத்து ஆறு தை மாதம், தமிழ்ப் பூசை. சுவாமியார் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்துக்கு மணி அடித்தது. எல்லோரும் முழந்தாளில் தலை குனிந்தார்கள். அக்காவும் குனிந்தார். குனிந்த உடம்புக்கு வியாழக்கிழமைப் பழக்கம் வந்துவிட்டது. அந்த அமைதிக்குள் பளார், பளார் என்று இரண்டு தரம் கைதட்டினார்.

முன் வாங்கில் இருந்த அஞ்சலீனா மாமி திரும்பிப் பார்த்தார். சுவாமியாரும் ஒரு கணம் பார்த்தார். நுளம்பு அடித்தேன் என்று சொல்லலாம்தான். தை மாதத்தில் மொன்ட்ரியாலில் ஏது நுளம்பு? வீட்டுக்கு வந்ததும் அக்கா கோட்டைக் கழற்றாமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

பொய் சொன்னதை அண்ணை பெரிதாக எடுக்கவில்லை. அக்கா விழுந்த அன்றிரவு ஆஸ்பத்திரி வாசலில் கண்ட கையைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தார்.

“தகடு வைச்ச கையோட ஆக்கள் தூக்கி எறியிற இடத்துக்குப் போறியே, அக்னெஸ்?”

“எறியினம்தான். நான் விழப் பழகிறன்.”

“அந்தக் கை இன்னொருக்கால் முறிஞ்சால் பேந்து தையல் இல்லை எண்டு டொக்டர் சொன்னவர்.”

“சொன்னவர். நான் மறக்கேல்லை.”

அடுத்த மாதக் கடைசியில் சனசமூக மண்டபத்தில் மிரேயின் ஆட்கள் வித்தை காட்டப்போகிறார்கள், தானும் அதில் இருக்கிறேன் என்பதையும் அக்கா சேர்த்துச் சொன்னார். சொல்வதென்றால் ஒரேயடியாகச் சொல்வதுதான் நல்லது. அண்ணை யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார்.

“நானும் வந்து பாக்கிறன். அண்டைக்கு அந்தக் கை நொந்துதெண்டால், அதோட எல்லாம் முடிஞ்சுது. வகுப்பும் இல்லை, வித்தையும் இல்லை.”

“நோகாட்டி?”

“நோகாட்டி நான் வாயே திறக்கமாட்டன்.”

அக்கா அதற்குச் சம்மதித்தார். மிரேய் அவருக்குக் கொடுத்திருந்தது வித்தையின் கடைசிப் பகுதி. கண்ணை மூடி முழந்தாளில் இருக்கவேண்டும். பின்னால் ஒருவர் மூங்கில் வாளோடு நிற்பார். எப்போது இறக்குவார் என்று தெரியாது. இறங்குகிற கணத்தில் உருண்டு விலகவேண்டும். காதைத் தீட்டிக்கொண்டு இருந்தால் பிந்திவிடும். யோசித்தால் தலையில் விழும். அந்த வாளுக்குப் பழைய சோபா மெத்தையின் பஞ்சு வைத்து உறை தைத்ததும் அக்காதான். தன் தலையில் விழப்போவதற்குத் தானே மெத்தை தைத்தவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். பழகும்போது ஐந்துக்கு மூன்று தலையில் விழுந்தது. தப்பிய இரண்டும் இடப்பக்கம்.

மாசிக் கடைசி ஞாயிறு, பின்னேரம் மூன்று மணி. மண்டபத்தில் நூற்றைம்பது பேர். புகைக்குள் ஆட்கள் மறைவார்கள் என்று நம்பி வந்த பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். மிரேய் செய்து காட்டியது காய்ந்த பத்திரிகைத் தாள்களின் மேல் சத்தமில்லாமல் நடப்பது. பிறகு நூற்றுப்பத்துக் கிலோ பஸ் மெக்கானிக் ஒருவரை இரண்டு விரலால் மெல்லச் சாய்த்துப் படுக்கவைத்தாள். பெரியவர்கள் தட்டினார்கள், பிள்ளைகள் சிப்ஸ் சாப்பிட்டார்கள். சவிரிமுத்து அண்ணை முன்வரிசைக் கரையில் ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடியபடி இருந்தார். அக்காவின் மெடிக்கல் காட் அவருடைய சட்டைப் பைக்குள் தயாராக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக எந்த பஸ் என்பதையும் விசாரித்து வைத்திருந்தார்.

அக்கா வந்து நடுப்பாயில் முழந்தாளில் இருந்தார். கறுப்பு உடுப்பு, கக்கத்தில் தானே போட்ட இரட்டைத் தையல். கண்ணை மூடினார். பின்னால் மிரேய் வாளைத் தூக்கியது தெரியவில்லை. ஒரு குழந்தை சிணுங்கியது. சூடாக்கிக் குழாய் முனகியது. சவிரிமுத்து அண்ணையின் செருமல் கேட்டது. அதை மட்டும் எந்தக் கூட்டத்திலும் அவர் பிரித்தறிவார். பயமாக இருந்தது. கத்தி நெஞ்சின் மேல் நின்றது, நிற்கட்டும் என்று விட்டார். வாய் தன்பாட்டில் அருள் நிறைந்த மரியேயைத் தொடங்கியது.

பாதியில் நின்றது. டப் என்று ஒரு சத்தம். அக்கா கண்ணைத் திறந்தபோது ஒரு முழங்காலில் நின்றார். எதிரே இருந்திருக்கவேண்டிய சுவரைக் காணவில்லை, வேறு சுவர் இருந்தது. வாள் வெறும் பாயில் கிடந்தது. சனம் கைதட்டியது. மிரேய் குனிந்து வணங்கினாள், வழக்கத்தைவிட நீளமாக. ஏன் என்று அக்காவுக்கு விளங்கவில்லை.

முன்வரிசையில் அண்ணை எழுந்து நின்றார்.

“அக்னெஸ்,” என்றார், மண்டபம் முழுக்கக் கேட்க. “அது வலப்பக்கமடி.”

அக்கா குனிந்து பார்த்தார். வலது தோளில் பாயின் தூசி. வலது உள்ளங்கை பாயில் பதிந்திருந்தது. அது போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. நாலு வருடமாகப் பொதிந்து வைத்திருந்த கை, அவரைக் கேட்காமல் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது.

அண்ணை பனிச் சப்பாத்தோடு பாயில் ஏறிவிட்டார். அங்கே சப்பாத்துக் கால் வைப்பது பெரிய குற்றம். யாரும் தடுக்கவில்லை. அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து, மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிற கவனத்தோடு இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“நோகுதோ?”

“இல்லை.”

“எனக்காகச் சொல்லாத.”

“இல்லையப்பா. பாருங்கோ.” ஐந்து விரலையும் விரித்து மடக்கிக் காட்டினார்.

அண்ணை ஒரு நீண்ட மூச்சு விட்டார். பிறகு அவருடைய கால் சொல்வழி கேட்கவில்லை. அப்படியே பாயில் குந்திவிட்டார். இதுவும் வித்தையில் ஒரு பகுதி என்று நினைத்த சனம் முன்னதைவிடப் பலமாகத் தட்டியது.

பஸ்ஸில் வரும்போது அண்ணை பேசவேயில்லை. வாய் திறக்கமாட்டேன் என்று கொடுத்த வாக்கை அவ்வளவு சுத்தமாகக் காப்பாற்றினார். அக்கா யன்னலோரம் இருந்து, போகாமல் விட்ட தெருக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நெஞ்சு லேசாக இருந்தது. இன்னும் இரண்டு மாதம் குளிர் மிச்சம் இருக்கிறதே என்று முதல்முறையாகச் சந்தோசப்பட்டார்.

வீட்டு வாசலுக்கு வரும்போது வெயில் போய்விட்டது. பகலில் உருகிய தண்ணீர் இரும்புப் படிகளில் திரும்ப உறைந்து கண்ணாடியாகிக் கிடந்தது. அண்ணை ஒரு காலைத் தூக்கினார், வைக்கவில்லை. மண்டபத்தில் தொடங்கிய முழங்கால் நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

“கொஞ்சம் பொறு,” என்றார்.

அக்கா வலது கையைக் கோட்டுப் பைக்குள்ளிருந்து வெளியே எடுத்தார். அதை இடப்பக்கப் பைக்குள் விட்டு நிறைய ஒரு பிடி உப்பை அள்ளி, அவருடைய காலடிப் படியில் எறிந்தார்.