தும்புத்தூள் அலசிய ஞாயிற்றுக்கிழமை

செய்தி வந்தபோது நான் ரெஸ்டோரண்ட் குசினியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். சமையல்காரர் சுவரில் தொங்கிய தொலைபேசியை என்னிடம் நீட்டினார். செல்வராசா அண்ணை காலையில் வேலைக்குப் போன இடத்தில், உடை மாற்றும் அறையிலேயே விழுந்துவிட்டார். இருதயம். முப்பத்தெட்டு வயது. ஆட்கள் ஓடி வந்தபோது ஏப்ரனின் ஒரு பக்கக் கயிறு இன்னும் கையில் இருந்ததாம்.

சனிக்கிழமை அஞ்சலிக் கூட்டத்தில் வாசிக்க ஏதாவது எழுதித் தரும்படி இங்குள்ள நம் தமிழ் ஆட்கள் நீங்கள் கேட்டீர்கள். கேட்டவர்களில் ஒருவர் திரும்பப் போகையில் வாசலில் நின்று, "தம்பி, அந்தக் கஞ்சாக் கன்று விசயம் வேண்டாம். போன மனுசனுக்கு ஏன் அவப்பெயர்?" என்றார். அந்த விசயத்துக்காகத்தான் இரண்டு வருடமாக அவரை ஒரு கலியாண வீட்டுக்கும் நீங்கள் கூப்பிடவில்லை. ஆகவே அதைத்தான் எழுதுகிறேன்.

இங்கே சுவிஸில், பூம்ப்ளிஸ் என்ற இடத்தில், அவரும் நானும் இன்னும் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். மேல்மாடியில் ஊர்ஸ் என்ற சுவிஸ்காரன், தச்சு வேலை செய்பவன். அந்தக் கட்டடத்தில் எங்களுக்கு வணக்கம் சொன்ன ஒரே ஆள். பல்கனியில் யோகர்ட் கோப்பைகளில் கஞ்சாக் கன்று வைத்திருந்தான். முதல் தடவை, புத்தகம் பார்த்து வளர்க்கிறான். மண்ணுக்குப் பதிலாக, ஹொலண்டிலிருந்து கூட்டாளி கொண்டுவந்து கொடுத்த ஒரு சாக்குத் தூள். ஒருநாள் எங்களை மேலே கூப்பிட்டுக் காட்டினான். இலை நுனியெல்லாம் கருகியிருந்தது.

அண்ணை கன்றைப் பார்க்கவில்லை, சாக்கைப் பார்த்தார். ஒரு பிடி அள்ளி மணந்தார். ஊரில், பளையில், தேங்காய் மட்டை அடிக்கும் தும்பாலையில் பதினொரு வருடம் வேலை செய்தவர்.

"டேய், இது எங்கட தும்புத்தூள்!"

சாக்கில் சிலோன் என்று அச்சடித்திருந்தது. அந்தச் சாக்கை எந்த எல்லையிலும் ஒருவரும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

அவர் கொஞ்சத்தை நாக்கில் வைத்துத் துப்பினார். "உப்பு. கடல்தண்ணியில ஊறின மட்டை. நல்ல தண்ணியில மூண்டு தரம் அலசாமல் கன்று வைச்சிருக்கிறான், விசரன். சொல்லு அவனுக்கு."

சொன்னேன். ஊர்ஸ் புத்தகத்தைப் புரட்டினான்.

"புத்தகத்தில இல்லையாம், அண்ணை."

"எழுதினவன் பளைக்கு வந்தவனோ எண்டு கேள்."

அது என்ன கன்று என்று தெரியாமல் உதவினார் என ஒரு கதை இப்போது உலவுகிறது. பொய். படியிறங்கும்போது நானே கேட்டேன்.

"எனக்கென்ன கண் இல்லையோ?" என்றார். "அவன் அதைச் சுருட்டிப் பத்தினால் என்ன, விட்டால் என்ன. எங்கட தூளில வைச்ச கன்று சாகுது. பார்த்துக்கொண்டு நிக்கச் சொல்லுறியோ?"

ஊர்ஸ் தந்த சாக்கை அலசுவதற்கு அவர் தெரிந்தெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறை. கட்டடத்துக்கு அப்படி ஒரு அறைதான். வீட்டுக்கு ஒரு நாள் முறை. அட்டவணை கதவில் தொங்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே எந்தப் பெயரும் இல்லை. "ஒருத்தரும் தோய்க்காத நாள், ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லை" என்றார். மரியாதைக்காகத்தான் அந்த நாளை எடுத்தார். ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமை தோய்ப்பது இங்கே எவ்வளவு பெரிய குற்றம் என்று எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தெரியாது. தூள் வடிகாலை அடைத்தது. பழுப்புத் தண்ணீர் நடைக்கு வந்தது. கட்டடம் பார்க்கிற அம்மா பொலிசுக்குப் போன் அடித்தார்: தமிழர்கள் நிலவறையில் பழுப்புத் தூள் கழுவுகிறார்கள்.

தமிழனைக் கண்டால் ஹெரோயின் என்று பேப்பர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம். மூன்று பேர் வந்தார்கள். முதலில் எங்கள் அறைக்குத்தான். அரிசியைக் கொட்டினார்கள். மிளகாய்த்தூளைச் சோதனைக்கென்று பையில் போட்டார்கள். "கவனமாக் கொண்டுபோகச் சொல்லு, கண்ணில படப்போகுது" என்றார் அண்ணை. அதன் பிறகுதான் மேல்மாடி. ஊர்ஸ் ஒளிக்கவில்லை, கன்று தன்னுடையது என்றான். அவனுக்குத் தண்டம் எழுதி, வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அண்ணையை இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அவருடைய அகதிக் கோப்பில் போதைப்பொருள் என்ற சொல் ஏறியது.

அந்தக் கோப்பு சரிவந்தால் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம் என்றிருந்தவர் அவர். திரும்ப விசாரணைக்குக் கூப்பிட்டபோது துணைக்கு நானும் போனேன். மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஆள், நல்லவர்தான். "என்ன கன்று எண்டு தெரியாது எண்டு சொல்லும். தப்பிடுவீர்" என்று வெளியிலேயே சொல்லிவைத்தார். உள்ளே அண்ணை தெரியும் என்றார். மொழிபெயர்ப்பாளர் இரக்கப்பட்டு, தெரியாது என்று டொச் மொழியில் சொல்லிவிட்டார். அப்படியே தட்டச்சானது. கையெழுத்துக்கு முன் எல்லாவற்றையும் தமிழில் திரும்ப வாசிக்க வேண்டும். அந்த வரி வந்ததும் அண்ணை பேனையைக் கீழே வைத்தார்.

"அதை வெட்டச் சொல்லும்."

"உம்மட மனிசி பிள்ளையை யோசியும்."

"யோசிச்சுத்தான் சொல்லுறன். என்ர தமையனைத் தும்பாலை வாசலில ஆமி சுட்டதை முதல் விசாரணையில சொன்னன். நம்பேலாது எண்டு எழுதினாங்கள். இப்ப பொய்யை நம்பத் தயாராம். இதில நான் பொய் சொன்னால் அவன்ர சாவும் பொய்யாப் போகும். வெட்டச் சொல்லும்."

அதிகாரி வெட்டினார். பக்கத்தில் அண்ணை கையெழுத்து வைத்தார். அதிலிருந்து நாலாம் மாதம் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டுக்குப் பதில் வருமுன் செத்துப்போனார். காலமானார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அவரால் தமிழரின் பெயர் கெட்டது என்றீர்கள். எங்களை இங்கே அனுப்பிய ஏஜென்சிக்காரன் சொல்லித் தந்த கதையைப் பாடமாக்கி ஒப்புவித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானும் ஒப்புவித்தேன். வெட்கப்படவில்லை, உயிர் வேண்டும். ஆனால் அவரைவிடச் சுத்தமானவர்கள் என்ற நடிப்பை இந்தச் சனிக்கிழமையாவது விடுங்கள்.

அவருடைய பெட்டியில் மூன்று சேட்டும், ஒரு கம்பளிச் சட்டையும், மகளுக்கு வாங்கிய வண்ணப் பென்சில்களும் இருக்கின்றன. ஊருக்குள் இந்திய ஆமி நிற்கிறது. பளைக்குப் பாதை திறந்ததும் அனுப்புவோம். அந்த விசாரணைப் பக்கத்தின் பிரதியை மட்டும் நான் எடுத்து வைத்திருக்கிறேன். உன் அப்பா உங்களைக் கூப்பிடாமல் விட்டார் என்று ஒருநாள் யாரோ அந்தப் பிள்ளைக்குச் சொல்லத்தான் போகிறார்கள். அன்றைக்கு அதை அவள் கையில் கொடுப்பேன். உன் பெரியப்பாவைச் சுட்டது உண்மை, இந்த வெட்டுக்கோடு அதற்குச் சாட்சி என்பேன்.