நீராவி பீறிட்ட நேரம்

தெருவில் துணி தேய்ப்பவரின் பெட்டியிலிருந்து கரிப்புகை மிதந்து வந்த நேரம், போனில் மகள் தன் மேனேஜரை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, சும்மா லெட் ஆஃப் ஸ்டீம்" என்று சிரித்தாள். மனக்கொதிப்பைக் கொட்டுவதற்கு இங்கிலீஷ்காரன் அந்தச் சொல்லை நீராவி எஞ்சினிலிருந்து எடுத்தான் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கு அதன் சத்தமே தெரியும்.

சூரமங்கலத்தில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், இன்று வெறும் புல் மண்டிக் கிடக்கும் இடத்தில்தான், எஞ்சின் ஷெட் இருந்தது. பாய்லரில் அழுத்தம் மிஞ்சும்போதெல்லாம் வால்வு திறந்து நீராவி பீறிட, எங்கள் ஜன்னல் கம்பிகள் அதிரும். ஒரே சுவருக்கு இருபுறமும் குடும்பங்கள் என்பதால் வீட்டுக்குள் அம்மா குரலை உயர்த்தியதே கிடையாது. அந்தச் சத்தம் எழுந்ததும், கரி படியுமுன் துணி எடுப்பதாகச் சொல்லி வேலியோரம் ஓடுவாள். அங்கே நின்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவாள். யாரை, எதற்கு என்று ஒரு சொல்லும் கேட்காது, வாய் அசைவது மட்டும் தெரியும். சத்தம் அடங்கியதும் துணியோடு திரும்பி வந்து, அப்பாவிடம் மெதுவாக, "காப்பி வெக்கட்டுங்களா?" என்பாள்.

டீசல் எஞ்சின் வந்ததும் ஷெட்டை மூடினார்கள். இனித் துணியில் கரி படியாது என்று காலனியே சந்தோஷப்பட்டது. அதற்குப் பிறகு அம்மா எங்கே போய்க் கத்தினாள் என்று நான் கேட்டதே இல்லை.