கிழிக்க வராத கவர்

சீட்டு விளையாட்டு என்றதும் ரம்மியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது பூதமும் டிராகனும் அச்சிட்ட அட்டைகள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் பாக்கெட் வாங்கி, பிள்ளைகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். அந்தப் பாக்கெட்டின் கவரை வடிவமைப்பதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. ஆபீஸ் அமீர்பேட்டில், வீடு ஏ.எஸ்.ராவ் நகரில்.

முதலில் மெல்லிய கவர்தான் போட்டோம். கடையில் விவரமானவர்கள் தடவிப் பார்த்தே மினுங்கும் அபூர்வ அட்டை உள்ள பாக்கெட்டைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மிஞ்சியது சக்கை. கடைக்காரர்கள் கத்தவும், தடித்த பளபளப்புக் கவருக்கு மாறினோம். விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை, சரி. ஆனால் கிழிக்கவும் வரவில்லை. கத்திரியால் வெட்டினால் உள்ளே அட்டையின் ஓரம் போய்விடும். ஓரம் போன அட்டையை எந்தப் பிள்ளை வாங்கும்?

எங்கள் வீட்டில் இதற்கு வழி கண்டவள் என் மனைவி. சனிக்கிழமை சாயங்காலம் மகளுக்கு ஒரு பாக்கெட் வாங்கி வருவாள். மூலையைக் கடைவாய்ப் பல்லில் கொடுத்து ஒரே இழுப்பு. பிறகு என் பக்கம் திரும்புவாள்.

"ஏங்க, கவர் வரையுற மகராசா, அடுத்த தடவை கூடவே ஒரு பல் டாக்டரையும் வெச்சு அனுப்புங்க."

"ஆமா, உனக்குன்னு தனியா டிசைன் பண்றாங்க பாரு" என்று எரிந்து விழுவேன். அவளுக்குச் சிரிப்பு அடங்காது.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று அவளைச் செகந்திராபாத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவள் திரும்பி வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போனேன். அழுகை வரவில்லை. மரத்துப் போன கால் மாதிரி, கிள்ளினாலும் உறைக்கவில்லை. அடுத்து கம்பெனி தடித்த காகிதக் கவருக்கு மாறியபோது, மூலையில் சின்னதாக ஒரு வெட்டு வைத்தேன். சுண்டுவிரலால் இழுத்தாலே திறந்துகொள்ளும். மீட்டிங்கில் கைதட்டினார்கள். நன்றி சொல்லிவிட்டுப் போய் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

புதுப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன். மகள் தொடவில்லை. தூசி படிந்து அங்கேயே கிடந்தன. அட்டை விளையாட்டையே விட்டுவிட்டாள். பேச்சும் குறைந்துபோனது. தமிழ் அவளுக்கு அம்மாவோடு மட்டும்தான். என்னிடம் எப்போதும் இந்த ஊர்ப் பேச்சான தெலுங்கு, இல்லாவிட்டால் இங்கிலீஷ். இப்போது அதுவும் ஒற்றை வார்த்தையாகிவிட்டது. இந்தப் பெண்ணும் என்னைப் போல மரத்துப் போய்விடுவாளோ என்று பயந்தேன். அந்தப் பயம் ஒன்றுதான் எனக்கு உறைத்தது.

போன சனிக்கிழமை சாயங்காலம் அவளே வந்து ஒரு பாக்கெட்டை நீட்டினாள். பழைய தடித்த கவர். அவள் அம்மா கடைசியாக வாங்கி வந்தது. வந்ததும் காய்ச்சலில் படுத்தவள், பிரித்துத் தரவில்லை. நான் கத்திரியை எடுத்தேன்.

"கத்தெர வத்து" என்றாள். தெலுங்கில், கத்திரி வேண்டாமாம். தன் கடைவாயைத் தொட்டுக் காட்டினாள்.

கடித்தேன். அடேயப்பா, என்ன கெட்டி! பல் கூசியது. கவர் கசந்தது. இத்தனை வருஷம் கவர் வரைந்தும் அதன் ருசி எனக்குத் தெரியாது. என் மனைவிக்கு அது வாராவாரம் தெரிந்திருக்கிறது. விடாமல் இழுத்தேன். மூலை பிய்ந்து என் வாயோடு வந்தது.

மகள் பாக்கெட்டை வாங்கி அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாமே அவளிடம் ஏற்கெனவே இருப்பவைதான். பிறகு நிமிர்ந்து என் வாயைப் பார்த்தாள்.

"துப்புப்பா. அம்மா உடனே துப்பிருவாங்க" என்றாள், தமிழில்.

என்னால் துப்ப முடியவில்லை. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும்.