வெறுங்கால்கள்

பகோடா என்னும் புத்தக் கோயிலின் திருவிழாவில் எங்கள் இயற்கை மையத்தின் ஸ்டாலை நான்தான் பார்த்துக்கொண்டேன். விவசாயிகள் அடையாளம் தெரிந்துகொள்ளட்டும் என்று, உயிருள்ள விரியன் பாம்பு ஒன்றைப் பெட்டியில் வைத்திருந்தோம். பகோடாவுக்குள் யார் தொடப்போகிறார்கள் என்று பூட்டுப் போடவில்லை. பக்கத்தில் கூண்டுக் குருவிகளை வாங்கிப் புண்ணியத்துக்காகப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினேன். ஒரு தமிழ் அம்மா பெட்டி முன்னால் கைகூப்பி நின்றார். மூடி திறந்து கிடந்தது. பாம்பைக் காணோம்.

"எங்கம்மா அது?"

"விட்டுட்டேன் மா. இன்னைக்கு எங்க வீட்டுக்காரர் திதி. குருவிய எல்லாரும் விடுறாங்க. இத யாரு விடுவா?"

பகோடாவுக்குள் செருப்பு கிடையாது. சுற்றிலும் வெறுங்கால்கள், குழந்தைகளின் கால்களும்தான். பாம்பு என்று கத்தினால் கூட்டத்தில் ஒருவரையொருவர் மிதித்துவிடுவார்கள். ஒலிபெருக்கிக்கு ஓடி, மின்கம்பி அறுந்துவிட்டது, கீழே பார்த்து மெதுவாக வெளியே போங்கள் என்று பொய் சொன்னேன்.

போனார்கள். பாம்பு யாரையும் கடிக்கவில்லை. இருட்டும்வரை தேடியும் அகப்படவில்லை.

"பாத்தியா, நல்லபடியா போய்டுச்சு," என்றார் அந்த அம்மா நிம்மதியாக.

இப்போதும் அந்தப் பகோடாவில் யாராவது குருவி விட்டால் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். நான் அவர்களுடைய பாதங்களைப் பார்க்கிறேன்.